முன் அலமாரி மாத்திரை

ஜெனரிக் மாத்திரை வேலை செய்யாது என்று என்னிடம் வந்து சொல்பவர்களை நான் லேசில் விடமாட்டேன். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான், பெயரும் பெட்டியும்தான் வேறு. முதலில் கண்டுபிடித்த கம்பெனிக்கு இருந்த தனி உரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதைச் செய்கிறார்கள், விளம்பரச் செலவு இல்லை, அதனால் விலை குறைவு. இதைக் கவுன்ட்டருக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் சொல்வேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், அது எந்த மாத்திரைக்கும் பொருந்தும் என்றும் சேர்த்துச் சொல்வேன். தொண்டை வறண்டு போகும். ஆனாலும் நிறுத்தமாட்டேன்.

மருந்துக்கடை எனக்கும் அண்ணனுக்கும் பொது. சுவரில் இரண்டு பேருடைய சான்றிதழும் தொங்குகிறது. என்னுடையதில் மதிப்பெண் அதிகம், அதனால்தானோ என்னவோ அதை மின்விசிறி மறைக்கும் இடமாகப் பார்த்து மாட்டியிருக்கிறான். நாற்பதைத் தாண்டிய என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான், வாடிக்கையாளர்கள் முன்னாலும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன், அண்ணியோடு அதே வீட்டில் இருக்கிறேன். எனக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது, அதற்கு மாத்திரை போடுகிறேன். இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறவர்கள் தாராளமாகப் போட்டுப் பார்க்கட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நோய் வந்தபோது என்னைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனது அண்ணன்தான். அதை மறைக்கமாட்டேன். படுக்கையை விட்டு எழ மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக் கிடந்தவளை, தலை வாரிவிட்டு, செருப்பை மாட்டிவிட்டு அழைத்துப்போனான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வேலை செய்தது. மெல்ல மெல்ல நான் பழைய வாயாடியானேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு ஏற்பாடும் செய்துவிட்டான். என் மாத்திரையைக் கடையின் முன் அலமாரியிலிருந்து எடுக்கக் கூடாது. பின்னறையில் 'வீட்டு டிராயர்' என்று ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்துக்கான மருந்தெல்லாம் அதில்தான் இருக்கும், எல்லாமே பெரிய கம்பெனி சரக்கு. ஊராருக்கு ஜெனரிக்கை நான் வாய் வலிக்க விற்கும்போது அண்ணன் தலையாட்டுவான். வீட்டுக்கு மட்டும் கம்பெனி மாத்திரை. கேட்டால், "நம்ம வீட்டு ஆளுக்கு மட்டமானதையா குடுக்கறது?" என்பான். மட்டம் என்றால் ஏன் விற்கிறாய் என்று கேட்டால், காது கேட்காதவன் மாதிரி குளிர்பெட்டியைத் திறந்து இன்சுலினை அடுக்க ஆரம்பித்துவிடுவான்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அட்டையிலிருந்து மாத்திரைகளை உரித்து, கால்சியம் மாத்திரை வந்த ஒரு பழுப்பு டப்பாவில் கொட்டி, அதைத்தான் எனக்குக் கொடுப்பான். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுச் சமையலறை அலமாரியில் அது நிற்கும். அண்ணி முழங்கால் வலிக்குக் கால்சியம் சாப்பிடுகிறார், அவருடைய டப்பாவும் அதே கம்பெனி, அதே பழுப்பு. அடையாளத்துக்கு என் டப்பாவின் மூடியில் நீல மையில் ஒரு புள்ளி வைத்திருந்தான். அண்ணிக்குக்கூட விஷயம் தெரியாது. நானும் கால்சியம் சாப்பிடுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்னுடைய எலும்பைப் பற்றி அவ்வப்போது விசாரிப்பார்.

திடீரென்று அந்தக் கம்பெனி மாத்திரை வருவது நின்றது. அந்தச் சரக்கைக் கொண்டுவரும் ஏஜென்ட், அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என் டப்பாவின் அடி தெரிந்தது. நான் அண்ணனிடம் முன் அலமாரியைக் காட்டினேன். அங்கே அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனியின் அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. அவன் முகம் சுருங்கியது. வேறு ஊருக்கு ஆள் அனுப்பி வாங்கலாம் என்றான். இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இன்றைக்கே எடு என்றேன். ஒருவழியாக ஒப்புக்கொண்டான். ஆனால் பழையபடி உரித்து அந்த டப்பாவில்தான் கொட்டிக் கொண்டுவந்தான். பாதி வெற்றி போதும் என்று நானும் விட்டுவிட்டேன். டாக்டரிடம் போனில் சொன்னேன். தாராளமாக மாற்றிக்கொள் என்றார்.

சில நாட்கள் சரியாகத்தான் போனது. அப்புறம் ஆரம்பித்தது. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் சுரீர் என்று கரண்ட் பாய்ந்தது. நின்ற இடத்திலேயே தரை சாய்ந்தது. கனவெல்லாம் கன்னாபின்னாவென்று வந்தது. எல்லாவற்றையும் விட மோசம் அழுகை. ஒரு பெண், தன் குழந்தைக்கு இருமல் மருந்து கேட்டாள், பாட்டிலை எடுத்துக் கொடுக்கும்போது என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவள் பயந்து குழந்தையை இழுத்துக்கொண்டாள். மறுநாள் காரணமே இல்லாமல் ஒரு பெரியவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், மனிதர் கேட்டது பஞ்சு.

அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கடை சற்றுக் காலியானதும் அருகில் வந்தான்.

"பாத்தியா? நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அது வேற, இது வேற, பாப்பா."

எத்தனை வருடமாக எத்தனை பேரிடம் அடித்துச் சொன்ன வார்த்தை, என் உடம்பே அதைப் பொய் என்கிறதே! அண்ணன் அதோடு விடவில்லை. கம்பெனி மாத்திரை எங்கிருந்தாவது கிடைக்கும்வரை நான் கவுன்ட்டருக்கு வர வேண்டாம், பின்னறையில் உட்கார்ந்து காலாவதி தேதி பார்த்தால் போதும் என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னதால் திட்டவும் முடியவில்லை.

"மனசுக்கு மாத்திரை போடற ஆள் கையால யாரு மருந்து வாங்குவாங்க, சொல்லு? ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும். கடையே போயிடும்."

இதுதான் விஷயம். இத்தனை நாள் அவன் வாயில் வராத விஷயம். டப்பாவும் புள்ளியும் டிராயரும் எல்லாம் இதற்காகத்தான். என் மதிப்பெண்ணும் என் அனுபவமும் ஒரு பக்கம், இந்த வெள்ளை மாத்திரை ஒரு பக்கம், தராசில் மாத்திரைதான் கனம் என்கிறான் கூடப் பிறந்தவன். பின்னறைக்குப் போனேன். கண் மருந்துச் சொட்டுகளின் அடியில் அச்சிட்ட தேதிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்துகள் நீந்தின.

அங்கிருந்தே சலூன்காரரின் குரல் கேட்டது. தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். பேச்சால் வெட்டுகிற ஆள், கத்தரிக்கோல் பெயருக்குத்தான். அவருக்கும் புதிதாக அதே மருந்து எழுதியிருந்தார்கள். முதல் தடவை வந்தபோது யாரும் இல்லாத நேரம் பார்த்து, சீட்டை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி என்னிடம் நீட்டினார். கம்பெனி மாத்திரை அவருக்குக் கட்டுப்படியாகாது. நான்தான் முன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்து, தைரியமாகப் போடுங்கள் என்றேன். இப்போது அண்ணனிடம் என்னைக் கேட்டார். நான் கடையில் இல்லை என்று அண்ணன் சொன்னான். நான் எழுந்து வெளியே வந்தேன்.

அவர் கவுன்ட்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். வீட்டில் எல்லாரும் சொல்கிறார்களாம், சல்லிசான மாத்திரை மூளையை மழுங்கடித்துவிடும், தூக்கிப் போடு என்று. அதனால் நாலு நாளாகப் போடவே இல்லையாம். "நீங்க சொன்னா சரி. இது நிஜமா வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

டாக்டர் எழுதியதை நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொன்னேன், அதையும் கண்ணைப் பார்க்காமல். ஊர்த் தலைகளையெல்லாம் கையில் பிடித்துத் திருப்பும் மனிதருக்கு ஒரு முகம் தடுமாறுவது தெரியாதா? ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். என் அழுகை அன்று மாத்திரையால் வந்ததல்ல. என் சொல் போய்விட்டதே என்று அழுதேன்.

மறுநாள் காலை சமையலறையில் அண்ணி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் சாதாரணமாக ஒரு பொழுதும் சும்மா நிற்கிற ஆள் இல்லை. என்ன என்று கேட்டேன்.

"என்னமோ தெரியல. கொஞ்ச நாளா குமட்டலா இருக்கு. வாயெல்லாம் வறண்டு போகுது. கொட்டாவி கொட்டாவியா வருது, ஆனா படுத்தா தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது. இந்தக் கால்சியம் மாத்திரைதான் ஒத்துக்கலையோ?"

கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். கால்சியம் இதையெல்லாம் செய்யாது. குமட்டல், வாய் வறட்சி, கொட்டாவி, தூக்கமின்மை. இந்த வரிசை எனக்கு அத்துப்படி. என் மாத்திரையை முதன்முதலாகப் போட்ட நாட்களில் நான் பட்ட பாடு இதேதான். அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவையும் இறக்கினேன். இதையெல்லாம் கழுவினீர்களா அண்ணி என்று கேட்டேன்.

ஆமாம், மூடியெல்லாம் பிசுக்குப் பிடித்திருந்தது, ஒன்றாகச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவித் துடைத்து மாட்டினேன், அந்த நீலக் கறைதான் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்றார்.

நீலப் புள்ளி வைத்த மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு. அண்ணியின் டப்பாவிலிருந்து ஒன்றை வைத்தேன். கசப்பு, எனக்கு நன்றாகப் பழகிய கசப்பு. மூடி மாறிப்போய், அண்ணி என் மாத்திரையையும் நான் அண்ணியின் மாத்திரையையும் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். முன் அலமாரி மாத்திரை என்னைக் கைவிடவில்லை. அது என் வாய்க்கே வந்து சேரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி ஆத்திரம் வந்தது. அண்ணியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என்ன நோய், என்ன மாத்திரை, எவ்வளவு நாளாக, யார் ஒளித்தது, எல்லாம். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கண் கலங்கினார். அப்புறம் எதையோ யோசித்தார்.

"அதான் உங்க அண்ணன் பேச்சைக் கேட்டும் எனக்குக் கோவமே வரலையா?"

அதற்கெல்லாம் அந்த மாத்திரைக்கு இன்னும் சில வாரம் ஆகும், இது உங்கள் சொந்தப் பொறுமைதான் என்றேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். டாக்டருக்கு போன் செய்தேன். அண்ணி இன்றோடு நிறுத்திவிடலாம், பயப்பட ஒன்றும் இல்லை, குமட்டல் அடங்காவிட்டால் வரச்சொல் என்றார். என்னைப் பழைய அளவிலேயே இன்றைக்குத் தொடங்கச் சொன்னார். தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது மாத்திரை நின்றுபோனதால்தான் என்றார். அது எனக்கும் தெரியும், ஆனால் இன்னொருவர் வாயால் கேட்கத் தேவையாக இருந்தது.

கடைக்கு விடுவிடுவென்று போனேன். அண்ணன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டான், முதலில் அண்ணிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் கேட்டான். ஒன்றும் ஆகாது என்றதும் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் புத்தி பழைய இடத்துக்கே போனது. இனிமேல் வேறு நிற டப்பாவில் போட்டு வைத்துவிடலாம் என்றான்.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. ஆனால் கத்தவில்லை. நேராக முன் அலமாரிக்குப் போய் ஓர் அட்டையை எடுத்து, என் பெயரில் பில் போட்டு, ஒரு மாத்திரையை உரித்து அங்கேயே தண்ணீர் குடித்து விழுங்கினேன். மிச்ச அட்டையை என் வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்தேன்.

"இனிமே டப்பாவும் இல்ல, டிராயரும் இல்ல. என் மருந்து, நான்தான் எடுப்பேன். அட்டையிலதான் இருக்கும், பேரோட."

ஆட்கள் பார்ப்பார்களே என்றான். பார்க்கத்தானே அட்டையில் பெயரே அச்சடித்திருக்கிறார்கள் என்றேன். கவுன்ட்டருக்கு வராதே என்று நேற்று சொன்னேனே என்றான். நான் கவுன்ட்டரில் போய் நின்றேன். தரை இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டுதான் இருந்தது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆபத்தான மருந்துச் சீட்டுகளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக் கொடுத்தேன். நான் பின்னறையில் ஒளிந்து உட்கார்வதாக இருந்தால் அப்படியே காணாமல் போய்விடுவேன் என்று தெரிந்தது.

மதியத்துக்கு முன்னால் கூட்டம் சேருகிற நேரம். வரிசை வாசல் படியைத் தாண்டி நின்றது. டைப்பிங் பள்ளி நடத்தும் அம்மா, லாரி ஆபீஸ் கணக்கர், கட்டுப்போட்ட கையோடு ஒரு தச்சர், அவர்களுக்கு முன்னால் சலூன்காரர். அவர் முறை வந்ததும் பழையபடி குரலைத் தாழ்த்தவில்லை. வேறு டாக்டரிடமும் போய்க் கேட்டுவிட்டு வருகிறாராம், அவரும் இதே மாத்திரையைத்தான் சொன்னாராம், ஆனாலும் வீட்டில் விடவில்லையாம். மாத்திரையை நிறுத்திய நாளிலிருந்து கத்தரிக்கோலைப் பிடித்தால் கை நடுங்குகிறது, வாடிக்கையாளர் காது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நேத்து உங்க மூஞ்சி சரியில்ல. இன்னைக்கு மறைக்காம சொல்லுங்க. இது வேலை செய்யுமா, செய்யாதா?"

அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். நான் சொல்லப்போவது அவனுக்குப் புரிந்துவிட்டது. "பாப்பா, உள்ள போ. நான் பேசிக்கறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கவுன்ட்டர் கண்ணாடி மேல் வைத்தேன். முன் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் ஒரு மாத்திரை குறைந்திருந்தது. மற்றபடி வித்தியாசம் இல்லை.

"செய்யும். எனக்கும் அதே நோய்தான். நான் போடறதும் இதேதான்."

நேற்று ஏன் தடுமாறினேன் என்பதையும் சொன்னேன். வெட்கப்பட்டு டப்பாவில் ஒளித்து வைத்தோம், டப்பா மாறிப்போனது, வெறும் சுண்ணாம்பைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை மேல் பழியைப் போட்டேன் என்றேன். உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் போய்ச் சண்டை போடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றேன். வரிசையைப் பார்த்தபடியே முழுவதையும் சொல்லி முடித்தேன்.

சலூன்காரர் இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப குடுங்க" என்றார். மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அட்டையின் பாதி வெளியே தெரிந்தது.

டைப்பிங் பள்ளி அம்மா தன் சீட்டைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரிசையை விட்டு விலகி, படியிறங்கி, எதிர்க்கடையை நோக்கி நடந்தார். அண்ணன் என் காதருகே, "போச்சு. எல்லாம் போச்சு. சொன்னேன்ல?" என்றான். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த அம்மாவுக்கு எத்தனை வருடம் மருந்து எடுத்துக் கொடுத்த கை இது, நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் இந்தக் கைக்கு என்ன கேடு வந்துவிட்டது?

"போறவங்க போகட்டும். நான் எங்கேயும் போகப் போறதில்ல" என்றேன். அண்ணனுக்கு மட்டும் சொன்னதுதான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அடுத்து நின்றவர் தச்சர். கட்டுப்போடாத கையில் சீட்டு இருந்தது. அண்ணன் முந்திக்கொண்டு கையை நீட்டினான். தச்சர் அவனைப் பார்த்தார், கண்ணாடி மேல் கிடந்த என் அட்டையைப் பார்த்தார். சீட்டை அண்ணன் கையைத் தாண்டிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீங்களே பாத்துக் குடுங்கம்மா" என்றார். "இதுலயும் சல்லிசானது இருக்கா?"

"இருக்கு" என்றேன், முன் அலமாரிப் பக்கம் திரும்பினேன்.